ஆட்டத்தை இனிதாக்கும் சிறு திருத்தங்கள்



உங்களில் எத்தனை பேருக்குப் பல்லாங்குழி ஆடத் தெரியும்? இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு குழி, கைநிறையப் புளியங்கொட்டை. ஒருத்தி காய்களை அள்ளிக் குழிக்கொன்றாக இட்டுக்கொண்டே போவாள். சில சமயம் அவள் கை நிற்கவே நிற்காது. அதுவரை எதிரே இருப்பவள் என்ன செய்வாள்? சும்மா இருந்தால் சலித்துவிடும் அன்றோ?

அதற்குத்தான் 'பசு' இருக்கிறது. இடும்போது ஒரு குழியில் நான்கு காய் சேர்ந்துவிட்டால், அந்தக் குழிக்கு உரியவள் அதைப் பசு என்று எடுத்துக்கொள்வாள். ஆடுகிறவள் எதிராளியாயிருந்தாலும் சரியே. ஆகவே கை ஓய்ந்திருப்பவளுக்குக் கண் ஓய்வதில்லை. பலகை மாறவில்லை, காய் கூடவில்லை, விதி ஒன்றுதான் சேர்ந்தது. இதை முதலில் சேர்த்த பாட்டி யாரோ, அவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

ஆடு புலி ஆட்டத்தையும் எண்ணிப் பாருங்கள். 3 புலி, 15 ஆடு. ஆட்டைப் பத்தாகக் குறைத்தால் புலியை அடைக்க ஆள் போதாது. பலரும் பலகாலம் ஆடி ஆடித்தான் அந்தப் பதினைந்து நிலைத்திருக்க வேண்டும்.

வீடியோ விளையாட்டுகளைச் செய்வோரும் இதே வேலையைத்தான் செய்கிறார்கள். ஜப்பானில் தோமோஹிரோ நிஷிகாடோ என்பவர் 1978-இல் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்ற ஆட்டத்தை அமைத்தார். வேற்றுலக உருவங்கள் 55, அணிவகுத்து மேலிருந்து இறங்கும். நாம் கீழிருந்து சுட வேண்டும். அக்காலத்துச் சில்லு மெதுவானது. ஐம்பத்தைந்தையும் திரையில் நகர்த்த அதற்கு நேரம் பிடித்தது. சுடச் சுட எண்ணிக்கை குறைய, மிஞ்சியவை விரைந்து ஓடலாயின. இது இயந்திரத்தின் குறை. அவர் அதைத் திருத்தாமல் அப்படியே விட்டார். முடிவு நெருங்க நெருங்க ஆடுகிறவரின் நெஞ்சு படபடக்கும் ஆட்டம் அதனால் கிடைத்தது.

2018-இல் வெளிவந்த 'செலஸ்ட்' என்பது ஒரு பெண் மலையேறும் ஆட்டம், மிகக் கடினமானது. அதில் அவள் பாறை விளிம்பைத் தாண்டிய பின்னும் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குக் குதிக்க இடம் உண்டு. காரணம் எளிது. விளிம்பைக் கண் கண்டு விரல் பொத்தானை அழுத்துவதற்குள் சிறிது நேரம் கழிந்துவிடுகிறது. கணிப்பொறி கறாராகக் கணக்குப் பார்த்தால், "சரியாகத்தானே அழுத்தினேன்!" என்று நமக்குக் கோபம் வரும். தோற்பது வேறு, அநியாயமாகத் தோற்றேன் என்று எண்ணுவது வேறு. முன்னதற்குப் பின் மறுபடி ஆடத் தோன்றும். பின்னதற்குப் பின் தோன்றாது.

நம் தமிழர் வீட்டுச் சமையலே ஆட்டமாகியிருப்பதையும் சொல்ல வேண்டும். கனடாவின் டொராண்டோ நகரில் உள்ள விசை கேம்ஸ் நிறுவனம் 2023 ஜூலையில் 'வெண்பா' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. 1988-இல் கனடாவில் வாழும் ஒரு தமிழ்த் தாய், தன் அம்மாவின் சமையற்குறிப்பு நோட்டை வைத்துச் சமைக்கிறாள். நோட்டில் பல வரிகள் அழிந்துபோயின. இட்லித் தட்டுகளை எவ்வாறு அடுக்கினால் ஆவி பரவும் என்று நாமே கண்டறிய வேண்டும். தவறினால் தண்டனை இல்லை, மறுபடி செய்யலாம். கடிகாரம் ஒன்றை ஓடவிட்டிருந்தால் அது ஓட்டல் அடுக்களையாகியிருக்கும், தாயின் நினைவாக இருந்திராது. 2024-இல் இங்கிலாந்தின் பாஃப்டா விருது, முதல் படைப்புக்கான பிரிவில், இதற்குக் கிடைத்தது.

நம் கணிப்பொறி வகுப்பில் மாணவியர் சிலர் மாம்பழம் பிடிக்கும் ஆட்டம் ஒன்று செய்தனர். அழகாகத்தான் இருந்தது, ஆனால் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஒருவரும் ஆடவில்லை. பழம் கூடையின் விளிம்பில் பட்டாலும் 'தவறியது' என்று கணக்காயிற்று. படத்தை மாற்றாமல், பிடிக்கும் எல்லையை மட்டும் இருபுறமும் சற்றே அகலமாக்கினாள் ஒரு சிறுமி. அன்று மணி அடித்தும் எவரும் எழவில்லை.

பெற்றோர் இங்கே முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. அவர்கள் கவலை பொய்யன்று. இன்று வராவிட்டால் நேற்றுவரை சேர்த்த பரிசு போகும் என்று மிரட்டும் ஆட்டங்கள் கைப்பேசியில் உண்டு. அதுவும் சிறு திருத்தமே. ஆனால் அது ஆட்டத்தை இனிதாக்குவதில்லை, எழுந்து போவதைத்தான் கடினமாக்குகிறது. மாம்பழ ஆட்டத்தில் ஐந்து நிமிடமானதும் "கூடை நிறைந்தது" என்று காட்டி ஆட்டம் தானே முடியும்படி பிறகு அம்மாணவியரே அமைத்தனர். நான் சொல்லித் தரவில்லை.

வரும் ஞாயிறன்று பல்லாங்குழியை எடுத்து, பசு இல்லாமல் ஓர் ஆட்டமும், பசுவோடு ஓர் ஆட்டமும் ஆடுங்கள். எதில் யார் எப்போது கொட்டாவி விட்டார் என்று குறித்துக்கொண்டு திங்களன்று வகுப்புக்குக் கொண்டுவாருங்கள்.