சூறைக்குருவியின் வழிச்செலவு

கொள்ளேகால் வட்டம் 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பின்னர் மைசூர் மாவட்டத்திலும், 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்திலும் அமைந்தது. எல்லைகள் மாறினும் அவ்வட்டாரத்துச் சோளக் கொல்லைகளை நாடிவரும் சூறைக்குருவிகளின் வழக்கம் மாறவில்லை. மைனா இனத்தைச் சார்ந்த, சுமார் 70 கிராம் எடையுள்ள இப்பறவை கதிர்களைக் கூட்டமாகத் தாக்குவதால் உழவர்களின் வெறுப்புக்கு ஆளாகிறது. ஆயினும், இனப்பெருக்கத்திற்காக அது திரும்பும் மத்திய ஆசியப் புல்வெளிகளில் வெட்டுக்கிளிகளைப் பெருமளவில் அழிப்பதும் இதுவே. ஏப்ரலில் தொடங்கும் அந்நெடும் பயணத்திற்கு வேண்டிய ஆற்றல் எங்கிருந்து கிடைக்கிறது?

கொழுப்பிலிருந்தே. ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோ கலோரியும், மாவுப்பொருள் 4 கிலோ கலோரியும் தருகின்றன. மேலும், உடலில் சேரும் கிளைக்கோஜன் தன் எடையைப் போல் ஏறத்தாழ மும்மடங்கு நீரையும் உடன்கொண்டது. பறப்பனவற்றுக்கு அச்சுமை கட்டுப்படியாகாது.

கொழுப்புச் சேரும் காலத்தை அறிவிப்பது பகற்பொழுதின் நீட்சி. கனடாவில் வில்லியம் ரோவன் 1920-களில் கடுங்குளிரில் கூண்டுப் பறவைகளுக்கு விளக்கொளியால் பகலை நீட்டி, அவற்றின் இனப்பெருக்க உறுப்புகள் வளரக் கண்டார். கொள்ளேகாலின் அட்சரேகையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேர வேறுபாடுகூட இல்லை. வலசைப் பறவைகள் பலவற்றில் உள்ளார்ந்த ஆண்டுக் கடிகாரம் ஒன்றும் இயங்குவதாகப் பின்வந்த ஆய்வுகள் காட்டின.

மூளையின் ஆழத்திலேயே அமைந்த ஒளியுணர் செல்கள் ஹைப்போதலாமஸைத் தூண்ட, பிட்யூட்டரிச் சுரப்பி விழிப்புறுகிறது. அதன் புரோலாக்டினும் அட்ரீனல் சுரப்பியின் கார்ட்டிகோஸ்டிரோனும் பசியைப் பெருக்குவதில் பங்குகொள்கின்றன. அளவும் முறையும் இனத்திற்கு இனம் வேறுபடும். ஆல், அரசம் பழங்களிலும் இலவம்பூத் தேனிலும் உள்ள சர்க்கரை கல்லீரலில் கொழுப்பாக மாறித் தோலின் அடியிலும் வயிற்றிலும் படிகிறது.

பறக்கத் தொடங்கியதும் கணையத்தின் குளுக்கோகான் மேலோங்குகிறது. சேமித்த கொழுப்பு கொழுப்பு அமிலங்களாகப் பிரிந்து, இரத்தப் புரதங்களுடன் இணைந்து மார்புத் தசைகளை அடைகிறது. இத்துறையில் பரோடாப் பல்கலைக்கழகத்தில் ஜே. சி. ஜார்ஜும் அவர்தம் மாணவர்களும் ஆற்றிய பணி குறிப்பிடத்தக்கது. 1950, 60-களில் அவர்கள் சூறைக்குருவியையே எடுத்துக்கொண்டு, அதன் மார்புத் தசையிலும் கல்லீரலிலும் வலசையை ஒட்டி நிகழும் மாற்றங்களை ஆராய்ந்தனர். நம் நாட்டுக் கொல்லைகளில் தொல்லையாகக் கருதப்படும் பறவை, உலக உடலியல் நூல்களில் இடம்பெற்றது இவ்வாறுதான்.

சேமிப்புக் குறைந்தால் அதே கார்ட்டிகோஸ்டிரோன் மிகுதியாகச் சுரந்து தசைப் புரதத்தைக் கரைக்கிறது. பறக்கும் கருவியே எரிபொருளாகிவிடுகிறது. ஆதலின் மார்ச்சு, ஏப்ரல் மாதங்களின் தீனி இன்றியமையாதது. அறுவடை முடிந்த அக்காலத்தில் கொல்லையில் கதிர் இராது. சாலையோர ஆலும் அரசும் அத்தியுமே அப்போது எஞ்சும் களஞ்சியங்கள். சாலை விரிவுக்கென இம்மரங்களைக் குறியிடும் பொறியாளர், அவற்றைப் பெரும்பாலும் மரக்கட்டையின் விலையால் மட்டுமே மதிப்பிடுகிறார்.