வீட்டில் பிறக்கும் விமானம்

கேள்வி: ஜேம்ஸ் பாண்ட் படத்தில் பார்த்த குட்டி ஹெலிகாப்டரை வீட்டிலேயே செய்கிறார்களாமே, உண்மையா?

பதில்: செய்கிறார்கள். ஆனால் அது ஹெலிகாப்டர் இல்லை, ஜைரோபிளேன். 1967-இல் வந்த ‘யூ ஒன்லி லிவ் ட்வைஸ்’ படத்தில் பறந்த ‘லிட்டில் நெல்லி’யை வடிவமைத்தவர் பிரிட்டிஷ் விமானப்படை அதிகாரி கென் வாலிஸ். படப்பிடிப்பில் ஓட்டியவரும் அவரே.

ஹெலிகாப்டரில் மேல் விசிறியை இன்ஜின் சுற்றுகிறது. ஜைரோபிளேனில் இன்ஜின் தள்ளு விசிறியை மட்டுமே இயக்கும். மேல் விசிறி, கீழிருந்து ஊடுருவும் காற்றால் காற்றாடிபோலத் தானே சுழலும். அதனால் நடுவானில் இன்ஜின் நின்றாலும் விழாது, சறுக்கி இறங்கும். ஸ்பெயின் நாட்டு ஹுவான் டி லா சியெர்வா இதை 1923-இல் பறக்கவிட்டார். 1950-களில் அமெரிக்காவின் இகோர் பென்சன் வரைபடமும் உதிரிப்பாகமும் விற்க, அலுமினியக் குழாய்களோடு பலர் வீட்டில் வேலையைத் தொடங்கினார்கள்.

சொந்த வடிவமைப்பில்தான் ஆபத்து. பெரிய தள்ளு விசிறிக்காக இன்ஜினை உயர்த்தினால், தள்ளுவிசை ஈர்ப்பு மையத்துக்கு மேலே போய்விடும். கட்டுப்பாட்டுத் தண்டைச் சட்டென முன்னே தள்ளினால் மேல் விசிறி பாரம் இழக்கும். வண்டி கண்ணிமைக்கும் நேரத்தில் தலைகுப்புறக் கவிழும். இப்படிப் பல உயிர்கள் போயின. அதனால்தான் பிற்கால வடிவமைப்பாளர்கள் இருக்கையை உயர்த்தி, வாலில் கிடைமட்டத் தகடும் பொருத்தினார்கள்.

ஆசை இருந்தால், முதலில் பயிற்சியாளரோடு பறந்து பழகுங்கள். ஸ்பேனரை அப்புறம் எடுக்கலாம்.