கடைத்தெரு மாறும்போது யாரைக் கேட்க வேண்டும்?



நம் ஊர்க் கடைத்தெருவில் காலையில் நின்று பாருங்கள். மீனும் காய்கறியும் வாங்க வரும் பெண்கள், ஷட்டரைத் தூக்கும் ஜவுளிக்கடைப் பையன், பள்ளிவாசல் வாசலில் தொப்பியும் அத்தரும் விரித்து வைக்கும் சிறு வியாபாரி, பூ விற்கும் பாட்டி, பஸ்ஸுக்கு ஓடும் மாணவிகள் எல்லாரும் கண்ணில் படுவார்கள். இந்த ஒரு தெருவை நம்பி எத்தனை வீட்டு அடுப்பு எரிகிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஒருநாள் திடீரென்று பேச்சுக் கிளம்பும். “ரோட்டை அகலப்படுத்தப் போறாங்களாம்”, “மார்க்கெட்டை இடிச்சுப் புதுசா கட்டப் போறாங்களாம்”, “பஸ் ஸ்டாண்டு ஊருக்கு வெளியே போகுதாம்” என்பார்கள். பெரும்பாலும் இந்தப் பேச்சு நம் காதுக்கு வரும்போது திட்டத்தின் வரைபடம் தயாராகியிருக்கும். அதன் பிறகு நம்மில் சிலர் கோபப்படுவோம், சிலர் தெரிந்தவரைப் போய்ப் பார்ப்போம், பலர் “நம்ம கையில என்ன இருக்கு?” என்று சும்மா இருந்துவிடுவோம்.

நம் கையில் இருப்பது என்ன என்பதுதான் இந்த மாதப் பாடம். முதலில் வெளிநாட்டில் நடந்த இரண்டு நிகழ்வுகளைப் பார்ப்போம். அவற்றிலிருந்து கற்றதை வைத்துக்கொண்டு நம் நாட்டுச் சட்டம் தரும் வழிகளுக்கு வருவோம்.

அழகு மட்டும் போதவில்லை

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஃப்ரெஸ்னோ என்றொரு நகரம் இருக்கிறது. அதன் பழைய கடைத்தெரு ஃபுல்டன் தெரு. மக்கள் நகரின் ஓரங்களுக்குக் குடிபோனார்கள். கடைகளும் அவர்கள் பின்னாலேயே போகத் தொடங்கின. கடைத்தெருவை மீட்க, 1964-ல் அதன் ஆறு பிளாக் நீளத்துக்கு வாகனங்களை நிறுத்திவிட்டு, நடப்பவர்களுக்கு மட்டும் என்று மாற்றினார்கள். மரங்கள், நீரூற்றுகள், சிற்பங்கள் எல்லாம் வைத்தார்கள். புகழ்பெற்ற நிபுணர்களின் வேலை அது.

ஆனால் மக்கள் தொடர்ந்து வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். புறநகரில் பெரிய வணிக வளாகங்கள் வந்தன. கடைத்தெரு மெலிந்தது. கடைசியில் 2017-ல் அந்தத் தெருவை மறுபடி வாகனங்களுக்குத் திறந்துவிட்டார்கள். அந்த நாட்டில் 1960, 70-களில் இப்படி மாற்றிய கடைத்தெருக்களில் பெரும்பாலானவை பின்னர் பழைய நிலைக்கே திரும்பின.

நடப்பவர்களுக்குத் தெரு கொடுப்பது தவறு என்பது இதன் பொருளல்ல. அதே நாட்டில் போல்டர் நகரின் பேர்ல் தெருவை 1977-ல் இப்படி மாற்றினார்கள். இன்றும் அங்கே கூட்டம் இருக்கிறது. மக்கள் ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு விடை தேடாமல் கல்லும் நீரூற்றும் வைத்தால் தெரு பிழைக்காது. அந்த விடை தெருவைப் பயன்படுத்துகிறவர்களிடம்தான் இருக்கிறது.

பாஸ்டனில் ஒரு கூட்டம்

அப்படிக் கேட்டதால் என்ன நடந்தது என்பதற்கு, அதே அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தைப் பார்ப்போம். அங்கே ராக்ஸ்பரி பகுதியில் டட்லி தெரு இருக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் அதன் நிலை பரிதாபமாக இருந்தது. வங்கிகள் கடன் தர மறுத்தன. வீட்டுக்காரர்கள் சிலர் காப்பீட்டுப் பணத்துக்காகத் தங்கள் கட்டடங்களுக்கே தீ வைத்தார்கள். சுமார் 1,300 மனைகள் காலியாகக் கிடந்தன. வெளியூர் லாரிகள் இரவில் வந்து குப்பையையும் கெட்டுப்போன இறைச்சியையும் அங்கே கொட்டிவிட்டுப் போயின. அங்கே வாழ்ந்தவர்கள் கறுப்பின மக்கள், ஸ்பானிஷ் பேசுகிறவர்கள், கேப் வெர்டே தீவுகளிலிருந்து வந்தவர்கள், வெள்ளையர்கள் என நான்கு வகையினர்.

1984-ல் ரைலி அறக்கட்டளை என்ற ஒரு தர்ம நிறுவனம் அந்தப் பகுதிக்கு உதவ முன்வந்தது. அங்கு வேலை செய்யும் சேவை அமைப்புகளை அழைத்துப் பேசி, ஒரு நிர்வாகக் குழுவுக்குத் திட்டம் தயாரித்தார்கள். 1985 பிப்ரவரியில் ஒரு தேவாலயத்தில் ஊர்க்கூட்டம் கூட்டி அதை மக்கள் முன் வைத்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தக் குழுவில் பெரும்பாலான இடங்கள் அமைப்புகளுக்கு. குடியிருப்போருக்குச் சில இடங்களே.

கூட்டத்தில் இருந்தவர்கள் எழுந்து கேட்டார்கள்: மேடையில் இருக்கும் நீங்கள் எத்தனை பேர் இந்தப் பகுதியில் வசிக்கிறீர்கள்? எங்களுக்காக நீங்கள் எப்படி முடிவு செய்யலாம்?

உதவ வந்தவர்களுக்கு இது சங்கடமான கேள்வி. “உங்களுக்கு நல்லது செய்ய வந்தால் எங்களையே கேட்கிறீர்களா?” என்று கோபித்துக்கொண்டு போயிருக்கலாம். அவர்கள் போகவில்லை. திட்டத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய் மாற்றினார்கள். புதிய குழுவில் குடியிருப்போருக்கே பெரும்பான்மை. நான்கு வகை மக்களுக்கும், எண்ணிக்கையைப் பார்க்காமல், சம இடங்கள். கூட்டங்களை ஆங்கிலம், ஸ்பானிஷ், கேப் வெர்டே மொழி மூன்றிலும் நடத்தினார்கள். மொழி தெரியாத தாயும் வாய் திறந்து பேச முடிந்தது.

நம் அறக்கட்டளை போன்ற நிறுவனங்களில் பொறுப்பில் இருப்பவர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். மஷூரா என்பது நமக்குப் பழக்கமான சொல். நாமே முடிவு செய்துவிட்டுப் பிறகு ஊரைக் கூட்டிச் சொல்வது மஷூரா ஆகாது.

சிறிய வெற்றி, பிறகு பெரிய திட்டம்

அந்தக் குழு உடனே பெரிய வரைபடம் போடவில்லை. மக்களிடம் கேட்டபோது முதலில் வந்த குறை குப்பை. 1986-ல் குப்பைக்கு எதிராக இயக்கம் நடத்தினார்கள். குடும்பங்கள் சேர்ந்து காலி மனைகளைச் சுத்தம் செய்தன. அனுமதியின்றி நடந்த குப்பைக் கிடங்குகளை மூட நகர நிர்வாகம் நடவடிக்கை எடுத்தது. கேட்டால் நடக்கும் என்ற நம்பிக்கை வந்தது.

அதன் பிறகுதான் பகுதி முழுவதற்குமான திட்டம். அதை வரைந்து தரும் ஆலோசனை நிறுவனத்தைக் குடியிருப்போரே தேர்ந்தெடுத்தார்கள். 1987-ல் நகர நிர்வாகம் அந்தத் திட்டத்தை ஏற்றுக்கொண்டது.

திட்டம் இருந்தது, நிலம் துண்டு துண்டாகப் பலர் பெயரில் கிடந்தது. 1988-ல் டட்லி மக்கள் அமைப்புக்கு, காலி மனைகளைக் கட்டாயமாகக் கையகப்படுத்தும் அதிகாரத்தை நகரம் வழங்கியது. அந்த நாட்டில் ஒரு குடியிருப்போர் அமைப்புக்கு இப்படி அதிகாரம் கிடைத்தது அதுவே முதல்முறை. யாருடைய குடியிருக்கும் வீட்டையும் எடுப்பதில்லை, காலி மனை மட்டும்தான் என்பது அதன் எல்லை. அந்த நிலத்தை ஒரு நில அறக்கட்டளையின் பெயரில் வைத்து, அதன்மேல் வீடு கட்டியவர்களுக்கு நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். வீடு குடும்பத்துக்குச் சொந்தம், மண் ஊருக்குச் சொந்தம். இதனால் இடம் அழகானதும் விலை ஏறி, ஏழைகள் வெளியேறும் நிலை அந்த வீடுகளுக்கு வரவில்லை. தெருச் சந்திப்பில் எல்லாரும் கூடும் பொதுத் திடலும் அமைந்தது.

கடைத்தெரு சீரானதும் வாடகை ஏறி, அதுவரை அங்கே பிழைத்தவர்கள் வெளியேறுவது பல நாடுகளில் நடக்கிறது. திட்டம் வரும்போதே “இது முடிந்த பிறகு இப்போது இருப்பவர்கள் இங்கே இருப்பார்களா?” என்று கேட்டாக வேண்டும்.

நமக்குத் திறந்திருக்கும் மூன்று கதவுகள்

நம் நாட்டில் இப்படிக் கேட்க வழி இல்லை என்று நினைக்க வேண்டாம். சட்டத்தில் வழி இருக்கிறது. நாம்தான் அந்தப் பக்கம் போவதில்லை.

முதல் கதவு, மாஸ்டர் பிளான். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-ன்படி ஒரு ஊருக்கு முழுமைத் திட்டம் தயாரித்தால், அரசிதழிலும் முக்கிய நாளிதழ்களிலும் அறிவிப்பு வெளியிட வேண்டும். வரைவை எங்கே பார்க்கலாம் என்பதையும் அதில் சொல்ல வேண்டும். ஆட்சேபணையும் ஆலோசனையும் எழுத்து மூலம் தெரிவிக்கக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் தர வேண்டும். யார் வேண்டுமானாலும் எழுதலாம். நிலம் வைத்திருப்பவர் மட்டும்தான் என்பதில்லை. நேரில் சொல்ல விரும்புவதாகக் கேட்டுக்கொள்ளவும் செய்யலாம்.

இரண்டாவது கதவு, தெரு வியாபாரிகள் சட்டம், 2014. இதன்படி ஊரில் நகர விற்பனைக் குழு இருக்க வேண்டும். அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் தெரு வியாபாரிகளாலேயே தேர்ந்தெடுக்கப்பட்ட தெரு வியாபாரிகள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். சிறுபான்மையினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் உரிய இடம் தரவேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. தெரு வியாபாரிகளைக் கணக்கெடுத்துச் சான்றிதழ் தரும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. பிறகு இடம் மாற்றுவதானாலும் 30 நாள் முன்னறிவிப்பு தேவை. ஆகவே தள்ளுவண்டிக்காரரோ பூக்காரப் பாட்டியோ கணக்கெடுப்பில் பெயர் சேர்த்திருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். பெயர் இல்லாதவருக்கு இந்தப் பாதுகாப்பைக் கேட்டு வாங்குவது கடினம்.

மூன்றாவது கதவு, பகுதி சபை. கிராமத்துக்குக் கிராம சபை இருப்பதுபோல, நகர வார்டுகளில் வார்டு குழுவும் பகுதி சபையும் அமைக்கத் தமிழ்நாடு அரசு 2022-ல் விதிகள் கொண்டுவந்தது. தெருவிளக்கு, சாக்கடை, நடைபாதை பற்றியெல்லாம் அந்தப் பகுதி வாக்காளர்கள் கவுன்சிலர் முன்னிலையில் பேசலாம். உங்கள் வார்டில் பகுதி சபை எப்போது கூடுகிறது என்று கவுன்சிலரிடம் கேட்டு, தேதியை வீட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

போவதற்கு முன் செய்ய வேண்டியவை

வெறுங்கையோடு போனால் நம் பேச்சு புகாராகவே நின்றுவிடும். கணக்கோடு போனால் அது ஆலோசனையாகும்.

1. கடைத்தெருவை எண்ணுங்கள். ஒரு சாதாரண நாள், ஒரு சந்தை நாள், ஒரு ஜும்ஆ நாள் என மூன்று நாட்கள், காலை, மதியம், மாலை மூன்று வேளையும், நடந்து வருபவர் எத்தனை, பைக் எத்தனை, கார் எத்தனை என்று இளைஞர்கள் குறித்துக்கொள்ளட்டும்.

2. கடைக்காரரை மட்டும் கேட்காதீர்கள். கைக்குழந்தையோடு வரும் பெண், சக்கர நாற்காலியில் இருப்பவர், ஆட்டோ ஓட்டுநர், சுமை தூக்குபவர், துப்புரவுப் பணியாளர் எல்லாரையும் கேளுங்கள். பெண்களிடம் பெண்களே பேசட்டும். கழிப்பறை இல்லை என்ற குறை அப்போதுதான் வெளியே வரும்.

3. எல்லாச் சமூகத்தாரையும் சேருங்கள். கடைத்தெரு நமக்கு மட்டும் உரியதல்ல. கோயில் தெருக்காரரும் சர்ச் பக்கத்தினரும் சேர்ந்து எழுதும் மனுவுக்குத் தனி மதிப்பு உண்டு.

4. நம் தவறையும் எழுதுங்கள். கடைக்கு முன்னே ஐந்தடி நீட்டிப் பலகை போட்டதும், ஜும்ஆ நேரத்தில் பைக்கைக் குறுக்கே நிறுத்துவதும் நாம் செய்வதே. அதை நாமே சரிசெய்துவிட்டுப் பேசினால் அதிகாரிகள் காது கொடுப்பார்கள்.

5. திட்ட விவரம் தரவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ன் கீழ் மனு கொடுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். எந்த மனுவாக இருந்தாலும் ஒப்புகை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

6. சிறிய ஒன்றை முதலில் கேளுங்கள். ஒரு தெருவிளக்கு, ஒரு குடிநீர்க் குழாய், பள்ளி விடும் நேரத்தில் லாரிக்குத் தடை. அது நடந்தால் அடுத்ததைக் கேட்க ஊருக்குத் தெம்பு வரும்.

குடும்பத்தோடு பேச

இரவுச் சாப்பாட்டுக்குப் பின் இந்தக் கேள்விகளைப் பிள்ளைகளோடு பேசிப் பாருங்கள்.

நம் கடைத்தெருவில் உம்மாவுக்குச் சிரமமான இடம் எது? ஏன்?

பஸ் ஸ்டாண்டு ஊருக்கு வெளியே போனால் யாருக்கு நன்மை, யாருக்கு இழப்பு?

நம் வீட்டுக்கு வரும் கீரைக்காரம்மா கணக்கெடுப்பில் பெயர் சேர்த்திருக்கிறாரா?

டட்லி தெரு மக்கள் அன்று கூட்டத்தில் பேசாமல் இருந்திருந்தால் திட்டம் நின்றிருக்காது. அவர்கள் இல்லாமலேயே நடந்திருக்கும். நம் ஊரிலும் திட்டங்கள் வரும், வரட்டும். வரைபடத்தில் கோடு போடும் முன்பே அந்தக் கீரைக்காரம்மாவின் குரலும் அங்கே போய்ச் சேர நாம் முயல்வோம், இன்ஷா அல்லாஹ்.