கையைச் சுடும் வோட்ச்

யாழ்ப்பாணத்தில் கடை வேலைக்குப் போன நம் பிள்ளைகள் லீவுக்கு வரும்போது ஸ்மார்ட் வோட்ச் கட்டி வருகிறார்கள். அது விழுந்து கண்ணாடி வெடித்தாலும் கழற்ற மனசு வராது. உள்ளே இருப்பது லித்தியம் பற்றரி. நசுங்கினால், தண்ணீர் இறங்கினால் உள்ளுக்குள்ளேயே ஷோர்ட் ஆகி, தோலோடு ஒட்டியபடி சூடேறும். பெயர்போன கம்பெனிச் சாமானும் தப்பவில்லை. பற்றரி சூடேறியதால் 2022 மார்ச்சில் ஃபிட்பிட் அயோனிக் வோட்ச்சுகளைத் திரும்ப எடுத்தார்கள். அமெரிக்காவில் மட்டும் 78 சூட்டுக்காய முறைப்பாடுகள்.

சூடு தெரிந்தாலோ, மூடி எழும்பினாலோ உடனே கழற்றி, படுக்கை, விறகு பக்கம் வைக்காமல் வாசல் சீமெந்தில் வையுங்கள். சார்ஜ் போடவே வேண்டாம். சுட்ட இடத்தைப் பீலித் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசை பூசாதீங்க என்று நாங்களும் எத்தனை தரம்தான் சொல்வது! கொப்புளத்தை உடைக்காமல் டிஸ்பென்சரிக்கு வாங்க.