லாரி ஏறிப் போனாலும் கழிவு உங்களுடையதுதான்

தனுவச்சபுரம் ரயில் நிலையத்திலிருந்து தெற்கே போனால் பாறசாலை, அதைத் தாண்டியதும் களியக்காவிளை. அத்துடன் கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்குகிறது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போனது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆனால் சரக்குக்கு எல்லை தெரியாது. விழிஞ்ஞம் துறைமுக வேலைக்கும் வீடு கட்டவும் குமரி மாவட்டத்துக் கல்லும் எம்-சாண்டும் இந்தச் சாலை வழியே மேற்கே வருகின்றன. உணவகக் கழிவும் இறைச்சிக் கழிவும் ஏற்றிக்கொண்டு எதிர்த்திசையில் போகிற வண்டிகள் சோதனைச்சாவடியில் பிடிபடுவதைச் செய்தித்தாளில் அடிக்கடி படிக்கிறோம்.

இந்த வட்டாரத்தில் பெரிய ஆலைகள் குறைவு. கிரஷர், ஹாலோ பிளாக் களம், மர அறுவை மில், வண்டி ஒர்க்ஷாப், சிறு மருத்துவமனை இவைதான் அதிகம். சுற்றுச்சூழல் சட்டங்களைப் பற்றி இவற்றை நடத்துகிறவர்களிடம் சில நம்பிக்கைகள் வேரூன்றிக் கிடக்கின்றன. சுற்றி வாழ்கிறவர்களிடமும் ஒன்றிரண்டு உண்டு. அவற்றால் வந்த சேதத்தை நம் பக்கத்து ஊர்களே அனுபவித்திருக்கின்றன.

“லோடு ஏத்தி அனுப்பியாச்சு, இனி அது வண்டிக்காரன் பாடு.”

எல்லா நம்பிக்கைகளிலும் இதுதான் அதிகக் கேடு செய்கிறது. 2024 டிசம்பரில் திருநெல்வேலியை அடுத்த நடுக்கல்லூர், கொடகநல்லூர் பகுதிகளில் மருத்துவக் கழிவுகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. கிளறிப் பார்த்தபோது திருவனந்தபுரத்து மருத்துவமனைகளின் காகிதங்கள் வெளிவந்தன. அனுப்பியவர் யார் என்பதற்குக் கழிவே சாட்சி சொன்னது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, கழிவைக் கேரளமே எடுத்துச் செல்ல வேண்டும் என்று உத்தரவிட்டது. டிசம்பர் 22 அன்று கேரள அதிகாரிகள் லாரிகளோடு வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். ஒப்பந்தக்காரர் எங்கே கொட்டினால் நமக்கென்ன என்று இருந்ததன் விலையை ஒரு மாநில அரசே பொதுவெளியில் கொடுக்க வேண்டி வந்தது.

2016-ஆம் ஆண்டின் உயிரிமருத்துவக் கழிவு விதிகள் இதில் தெளிவாக இருக்கின்றன. கழிவை உண்டாக்கும் இடத்துக்கே முதற்பொறுப்பு. உண்டான இடத்திலேயே நிறவாரியாகப் பிரிக்க வேண்டும், பைகளில் பார்கோடு ஒட்ட வேண்டும், உடல்திசுக் கழிவு போன்றவற்றை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, அங்கீகாரம் பெற்ற பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திடமே ஒப்படைக்க வேண்டும். குறைந்த விலைக்கு அள்ளிக்கொண்டு போகிறேன் என்று வருகிற வண்டி இந்த வரிசையில் எங்கும் இல்லை.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. இந்திய மருத்துவச் சங்கத்தின் கேரளக் கிளை நடத்தும் ‘இமேஜ்’ சுத்திகரிப்பு நிலையம் இருப்பது பாலக்காட்டில். திருவனந்தபுரம் மாவட்டத்திலிருந்து கழிவு அவ்வளவு தூரம் போக வேண்டும். இந்த மாவட்டத்திலேயே ஒரு நிலையம் அமைக்கலாம் என்று பாலோடு என்னும் ஊர்ப் பக்கம் இடம் பார்த்தபோது, 2018-இல் மக்கள் கடுமையாக எதிர்த்தார்கள். காடும் ஊற்றும் உள்ள இடம் அது, அந்த அச்சத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் எங்குமே நிலையம் வேண்டாம் என்று எல்லா ஊரும் சொன்னால் கழிவு உண்டாவது நின்றுவிடாது. இரவில் எல்லை தாண்டி, எதிர்க்கக் குரல் இல்லாத ஊரின் ஓடைக்கரையில் இறங்கும். சரியான இடத்தில், சரியான காவலோடு ஒரு நிலையம் இருப்பதே மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

மருத்துவமனைக்கு மட்டுமா இந்தப் பொறுப்பு? ஒர்க்ஷாப்பில் வடித்தெடுக்கும் கழிவு எண்ணெயும் 2016-இன் அபாயகரக் கழிவு விதிகளுக்குள்தான் வருகிறது. இத்தகைய கழிவைப் பொதுவாக 90 நாளுக்கு மேல் தேக்கி வைக்கக் கூடாது. வெளியே அனுப்பும்போது ஏழு நகல் கொண்ட ஒரு சீட்டு கூடவே போக வேண்டும். ஒவ்வொரு நகலுக்கும் ஒரு நிறம். வெள்ளை நகலை அனுப்புகிறவர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குக் கொடுக்க வேண்டும். மஞ்சள் நகல், ஓட்டுநரின் கையெழுத்தோடு, அனுப்புகிறவர் கோப்பில் இருக்கும். நீல நகலைக் கழிவைப் பெற்றுக்கொண்டவர் கையெழுத்திட்டு அனுப்பியவருக்கே திருப்பி அனுப்ப வேண்டும். கழிவு வேறு மாநிலத்துக்குப் போனால், அனுப்பிய மாநிலத்தின் வாரியத்துக்குச் சாம்பல் நிற நகல் போக வேண்டும். நம்மைப் போன்ற எல்லையோர ஊர்களுக்கு இந்தக் கடைசி நகல் மிக முக்கியமானது. நீலச் சீட்டு திரும்பி வராத ஒவ்வொரு லோடும் எங்கோ ஒரு குளத்தங்கரையில் இறங்கியிருக்கலாம். வந்ததா என்று மாதம் ஒருமுறை கோப்பைப் புரட்டிப் பார்க்க ஓர் ஆளை நியமித்தால் போதும், பொறுப்பில் பெரும்பகுதி நிறைவேறிவிடும்.

“கழிவுநீர்க் குழாயைச் சரியா வெச்சிருந்தா போதும்.”

நம் மாவட்டத்திலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. வேளியில் உள்ள டிராவன்கூர் டைட்டானியம் புராடக்ட்ஸ் 1946-இல் தொடங்கப்பட்ட நிறுவனம். கடற்கரை மணலில் கிடைக்கும் இல்மனைட்டைக் கந்தக அமிலத்தில் கரைத்து டைட்டானியம் டை ஆக்ஸைடு எடுக்கிறார்கள். அமிலமும் இரும்பும் கலந்த கழிவுநீர் கடலுக்குப் போவது பற்றித்தான் பல ஆண்டுகளாக வழக்கும் வாக்குவாதமும். உச்ச நீதிமன்றம் அமைத்த கண்காணிப்புக் குழு வரைக்கும் அது போனது. எல்லாருடைய கண்ணும் அந்த அமிலக் குழாய்மேல் இருந்தது.

2021 பிப்ரவரி 10 அன்று கடலுக்குப் போனதோ ஃபர்னஸ் ஆயில். எரிபொருள் குழாய் ஒன்று உடைந்தது, எண்ணெய் ஆலையின் ஓடை வழியே ஓடி வேளிக் கடலில் கலந்தது. கரை நெடுக மணல் கறுத்தது. மீனவர்கள் கடலுக்குப் போக முடியவில்லை. எண்ணெய் ஊறிய மணலைச் சுரண்டி எடுக்க வேண்டியதாயிற்று.

மாசு நாம் காவல் நிற்கிற வாசல் வழியாகத்தான் வெளியேறும் என்று எந்த உறுதியும் இல்லை. டீசல் டாங்க், அமில டிரம், ஜெனரேட்டர் அறை, கழிவு அடுக்கிய மூலை என எல்லாமே வாசல்கள்தான். எண்ணெய்த் தொட்டியைச் சுற்றித் தடுப்புச் சுவர் கட்டுகிறார்களே, அதன் கணக்கு எளிமையானது: பெரிய தொட்டி முழுவதும் கொட்டினாலும் உள்ளேயே நிற்கிற கொள்ளளவோடு பத்து சதவீதம் கூடுதலாக இடம் வேண்டும். சுவருக்குள் தேங்கும் மழைநீரை வெளியேற்ற ஒரு வால்வு வைப்பார்கள். அந்த வால்வைத் திறந்துவிட்டு மூட மறந்தால் சுவர் இருந்தும் பயனில்லை. யார் திறந்தார், எப்போது மூடினார் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுவது சின்ன வேலையாகத் தெரியலாம். சுவரைவிட அந்த நோட்டுக்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

நம் பகுதிக்கு ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம். இடவப்பாதியும் பெய்யும், துலாவர்ஷமும் பெய்யும். வேனிலில் கிரஷர் களத்தில் படிந்த தூள் முதல் பெருமழையிலேயே கரைந்து தாழ்வான ஏலாக்களுக்கும் குளங்களுக்கும் ஓடுகிறது. ஒர்க்ஷாப்பின் எண்ணெய்த் தரையைக் கழுவும் நீரும் அதே ஓடையில்தான் சேர்கிறது. ஆகவே மேலாண்மைத் திட்டம் எழுத உட்காருகிறவர் விதிப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால், கொட்டுகிற மழையில் தன் களத்தை ஒருமுறை சுற்றி வர வேண்டும். தண்ணீர் எங்கே நுழைகிறது, எதைத் தொட்டுக்கொண்டு எங்கே வெளியேறுகிறது என்று காகிதத்தில் வரைந்தால், தூள் அடங்கும் தொட்டி எங்கே வேண்டும், எண்ணெய் பிரிக்கும் தொட்டி எங்கே வேண்டும் என்பது அந்தப் படத்திலேயே தெரிந்துவிடும்.

“நம்மது சின்ன யூனிட், நம்மால என்ன ஆகப்போகுது?”

திருப்பூர் சாயப்பட்டறைகளும் தனித்தனியே பார்த்தால் சிறியவைதான். 700-க்கும் மேற்பட்டவை சேர்ந்து நொய்யல் ஆற்றைக் கொன்றன. பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. கீழ்ப்பாசன விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அத்தனை பட்டறைகளையும் மூட உத்தரவிட்டது. ஒழுங்காக நடந்துகொண்ட பட்டறைக்காரரும் அன்று கதவைச் சாத்த வேண்டியிருந்தது. கிரஷருக்கு மத்திய அரசு வகுத்த அளவுகோலும் இந்தக் கூட்டு விளைவை மனத்தில் கொண்டதுதான். 40 மீட்டர் தொலைவில் மிதக்கும் தூசு ஒரு கன மீட்டருக்கு 600 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும் என்ற வரம்பு தனித்து நிற்கும் கிரஷருக்கும் உண்டு, கூட்டமாக நிற்பவற்றில் ஒன்றுக்கும் உண்டு.

“வாரியத்துச் சான்றை ஃபிரேம் போட்டு மாட்டியாச்சு.”

வாரியம் தரும் இசைவாணைச் சான்றின் முன்பக்கத்தைத்தான் மாட்டுகிறார்கள். பின்னால் வரும் நிபந்தனைப் பக்கங்கள் அலமாரிக்குள் போய்விடுகின்றன. எவ்வளவு உற்பத்தி, எத்தனை லிட்டர் தண்ணீர், எந்த உயரத்தில் புகைபோக்கி, எந்த நாள்வரை என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. உற்பத்தியைக் கூட்டினாலோ எரிபொருளை மாற்றினாலோ பழைய சான்று அதற்குச் செல்லாது. தூத்துக்குடி ஸ்டெர்லைட் வழக்கில் 2013 ஏப்ரல் 2 அன்று உச்ச நீதிமன்றம் 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தபோது சொன்ன காரணங்களில், இசைவாணையைப் புதுப்பிக்காமல் நெடுங்காலம் ஆலையை ஓட்டியதும் ஒன்று.

இசைவாணை வாங்கியவர்கள் ஆண்டுதோறும் செப்டம்பர் 30-க்குள் சுற்றுச்சூழல் அறிக்கை ஒன்றையும் கொடுக்க வேண்டும். ஒரு டன் பொருளுக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மூலப்பொருள் செலவானது, சென்ற ஆண்டு எவ்வளவு என்று அதில் கேட்கிறார்கள். பலர் இதைத் தணிக்கையாளரிடம் தள்ளிவிட்டுக் கையெழுத்து மட்டும் போடுகிறார்கள். எனக்கு அது வருத்தம் தருகிறது, ஏனெனில் முதலாளிக்கே லாபம் தரக்கூடிய கணக்கு அது. கசிவும் விரயமும் அந்த எண்களில்தான் முதலில் தெரியும்.

“சேறு நல்ல உரம், வயலுக்குப் போடலாம்.”

பிளாச்சிமடையில் கோகா கோலா ஆலையின் சேற்றை உரமென்று சொல்லித்தான் விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். 2003-இல் பிபிசி வானொலி மாதிரிகளை எடுத்து இங்கிலாந்தின் எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தில் சோதித்தபோது ஈயமும் காட்மியமும் தெரியவந்தன. பரிசோதனைச் சீட்டு இல்லாத சேறு எதையும் வயலில் இறக்கக் கூடாது.

“மூடிக் கிடக்குற ஆலையால ஆபத்தில்ல.”

2020 மே 7 அதிகாலையில் விசாகப்பட்டினம் எல்ஜி பாலிமர்ஸ் ஆலையிலிருந்து ஸ்டைரீன் ஆவி வெளியேறி 12 பேர் இறந்தார்கள். ஊரடங்கில் ஆலை ஓடாமல் இருந்த நாட்களில், தொட்டிக்குள் தேங்கிக் கிடந்த திரவம் மெல்ல மெல்லச் சூடேறியிருந்தது. ஓடாத ஆலைக்கும் காவல் அட்டவணை வேண்டும்.

நிரந்தரமாக மூடினாலும் கணக்குத் தீராது. கொடைக்கானலில் இந்துஸ்தான் லீவரின் வெப்பமானி ஆலை 2001-இல் மூடப்பட்டது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு உள்ளூர்ப் பழைய சாமான் கிடங்கில் கிடந்ததை மக்கள் கண்டுபிடித்ததுதான் அதற்குக் காரணம். 2003-இல் 290 டன் கழிவைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது 2016-இல்தான். மண்ணைச் சுத்தம் செய்வது எந்த அளவுக்கு என்ற வழக்காட்டம் அதற்குப் பிறகும் நீண்டது.

“இதெல்லாம் முதலாளியும் ஆபீசரும் பாத்துக்கிடுவாங்க.”

இது சுற்றி வாழ்கிற நம்முடைய நம்பிக்கை. பிளாச்சிமடை ஆலையின் உரிமத்தை 2003-இல் புதுப்பிக்க மறுத்தது பெருமாட்டி கிராமப் பஞ்சாயத்து. நடுக்கல்லூரில் மூட்டைகளை முதலில் பார்த்துக் குரல் கொடுத்தவர்கள் ஊர்மக்கள். பக்கத்து யூனிட்டின் இசைவாணையையும் நிபந்தனைகளையும் தகவல் உரிமைச் சட்டத்தில் யாரும் கேட்டுப் பெறலாம். பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு எல்லையின் இரண்டு பக்கத்தையும் விசாரிக்கிறது. ஆகவே கழிவு பாறசாலையில் கிளம்பி களியக்காவிளைக்கு அப்பால் இறங்கியிருந்தாலும் ஒரே மனு போதும். வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். இழப்பீடும் சீரமைப்பும் கேட்பதானால் 5 ஆண்டு வரை காலம் உண்டு. தேதி போட்ட புகைப்படம், வண்டி எண், கிணற்று நீரின் பரிசோதனை முடிவு ஆகிய மூன்றையும் முதல் நாளிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.