குடும்பக் கணக்கும் சுகாதாரப் பாதுகாப்பும்

 

கடையை அடைக்குமுன் கல்லாவை எண்ணி, நாள்வழியில் வரவு செலவைப் பதிந்த பிறகே வீடு திரும்பும் வழக்கமுடையவர்கள் நாம். யாரிடம் எவ்வளவு நிலுவை நிற்கிறது என்பதை ஏட்டைப் பாராமலே சொல்லக்கூடியவர்கள் நம்மில் பலர். ஆனால் நம் கடைச் சிப்பந்தியின் வீட்டில் எத்தனை பேர், நோயாளி யார், மருந்துச் செலவு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பதில் வருவது அரிது. சர்க்கார் உதவியாகட்டும், ஜகாத்தாகட்டும், ஒரு குடும்பம் எந்தக் கோட்டிற்குக் கீழே நிற்கிறது என்பதை வைத்தே அதன் வாசலுக்குப் போகிறது. எனவே மலேசியாவில் அந்தக் கோடுகள் எவ்வாறு போடப்படுகின்றன என்பதை இந்த இதழில் சிறிது ஆராய்வோம்.

முதலில் சராசரி என்பதைப் பார்ப்போம். ஒரு கடையில் நான்கு சிப்பந்திகள் ஆளுக்கு மாதம் 2,000 வெள்ளியும், முதலாளி 17,000 வெள்ளியும் பெறுவதாகக் கொள்வோம். மொத்தம் 25,000. ஐவருக்குப் பங்கிட்டால் தலைக்கு 5,000. இந்தக் கடையில் ஏழையே இல்லை என்று எழுதிவிடலாம்! ஆனால் ஐவரையும் வருமான வரிசையில் நிறுத்தி, நடுவில் நிற்பவரின் பையைப் பார்த்தால் 2,000 தான் இருக்கும். இதற்கு நடு வருமானம் என்று பெயர். மலேசியப் புள்ளிவிவர இலாகாவின் கணக்கெடுப்புப்படி 2022-ம் ஆண்டில் ஒரு குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 8,479 வெள்ளி. நடு வருமானமோ 6,338 வெள்ளி. மேலே நிற்கும் சிலருடைய செல்வம் சராசரியை 2,141 வெள்ளி உயர்த்திக் காட்டுகிறது.

அடுத்து, நாம் அடிக்கடி கேட்கும் பி40 என்பது யாது? நாட்டின் எல்லாக் குடும்பங்களையும் வரிசைப்படுத்தி, கீழிருந்து நூற்றுக்கு நாற்பதைப் பிரித்தெடுத்த பகுதியே அது. 2019-ல் அதன் எல்லை 4,850 வெள்ளி. 2022-ல் 5,250 வெள்ளி. நாடு எவ்வளவு செழித்தாலும் நூற்றுக்கு நாற்பது குடும்பங்கள் அதில் இருந்தே தீரும். ஆகவே பி40 வேறு, வறுமைக்கோடு வேறு. 2022-ல் வறுமைக்கோடு சராசரியாக 2,589 வெள்ளி. அதற்குக் கீழே நின்ற குடும்பங்கள் நூற்றுக்கு 6.2, அதாவது ஏறத்தாழ 4 லட்சத்து 90 ஆயிரம்.

இந்த வறுமைக்கோட்டின் வரலாறு ஜவுளி வியாபாரிகளுக்கு நன்றாக விளங்கும். 2016-ம் ஆண்டில் கோடு 980 வெள்ளியாக இருந்தது. நாட்டில் ஏழைக் குடும்பங்கள் நூற்றுக்கு 0.4 என்று கணக்குச் சொன்னது. 2019 ஆகஸ்டில் வந்து பார்வையிட்ட ஐக்கிய நாட்டுச் சபையின் வறுமை விவகார நிபுணர் பிலிப் ஆல்ஸ்டன் இந்தக் கணக்கை ஒப்பவில்லை. 2020-ல் கோடு 2,208 வெள்ளியாகத் திருத்தப்பட்டது. உயிர் தரிக்கப் போதுமான உணவுக்குப் பதிலாக உடல்நலத்துக்கு உகந்த உணவின் விலையைக் கொண்டு புதுக்கோடு போட்டார்கள். அதே முறையில் பழைய 2016-ம் ஆண்டைத் திரும்பவும் அளந்தபோது 0.4 என்பது 7.6 ஆயிற்று. பத்தொன்பது மடங்கு! அதே ஆண்டு, அதே மக்கள், அதே அடுப்பு. மாறியது கெஜக்கோல் ஒன்றுதான்.

கோடு சரியாக இருந்தாலும் போதாது. கணவன் மனைவி இருவர் மட்டும் உள்ள வீட்டில் 5,300 வெள்ளி வருகிறது. பெற்றோரும் பிள்ளைகளுமாக எண்மர் உள்ள இன்னொரு வீட்டிலும் 5,300 வருகிறது. 2022-ம் ஆண்டுக் கோட்டின்படி இரண்டுமே பி40 அல்ல. ஆனால் முதல் வீட்டில் தலைக்கு 2,650. இரண்டாவது வீட்டில் 663 கூட இல்லை. நம் குடும்பங்களில் பல இரண்டாவது வகையைச் சேர்ந்தவை என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இங்கேதான் ஜகாத் நிலையங்களின் முறை மேம்பட்டு நிற்கிறது. அவர்கள் ‘ஹத் கிஃபாயா’ என்னும் அளவைக் கையாளுகிறார்கள். வாடகை, உணவு, பிள்ளைகளின் வயது, படிப்பு, தீராத நோய், உடற்குறை ஆகியவற்றை வீடு வீடாகக் கணக்கிட்டு, தேவைக்கு வருமானம் போதுமா என்று பார்ப்பார்கள். தொகை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். பி40 கோட்டுக்கு மேலே நிற்பவரும் இந்த அளவில் மிஸ்கீனாக இருக்கக்கூடும். இதை அறியாமல் “நமக்குக் கிடைக்காது” என்று இருந்துவிடுவோர் அனேகர்.

கலீபா உமர் (ரலி) அவர்கள் மதீனாவில் ‘திவான்’ என்னும் பெயர்ப் பதிவேட்டை ஏற்படுத்தி, அதன்படி மக்களுக்கு மானியம் வழங்கியதை நாம் அறிவோம். பால்குடி மறந்த குழந்தைக்கே மானியம் என்பது அன்றைய விதி. ஓரிரவு ஊருக்கு வெளியே தங்கிய வியாபாரக் கூட்டம் ஒன்றுக்குக் காவலாக அவர்கள் நின்றபோது ஒரு குழந்தையின் அழுகை ஓயாமல் கேட்டதாம். விசாரித்ததில், மானியம் பெறுவதற்காகத் தாய் குழந்தையைக் காலத்துக்கு முன்பே பால் மறக்கச் செய்வது தெரிந்தது. மறுநாளே விதி மாறிற்று. பிறந்த குழந்தைக்கெல்லாம் மானியம் என்று அறிவித்தார்கள். கோடு போட்டவர் அக்கோட்டின் கீழே அழுகிறவரை நேரில் கேட்டார் என்பதே நாம் இங்கு கவனிக்க வேண்டுவது.

இனி நோய்க் கணக்கு. 2019-ம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், வயது வந்தோரில் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு இருந்தது. அவர்களில் 9.4 பேர் தம் நோயை அறிந்தவர்கள், மீதி 8.9 பேர் சோதனை செய்த அன்றே அறிந்தார்கள். இந்தியர்களிடையே நூற்றுக்கு 31.4. (நம் சமூகத்துக்கென்று தனி நிரல் இல்லை; நம்மவரில் சிலர் இந்தியர் நிரலிலும் சிலர் மலாய்க்காரர் நிரலிலும் சேர்ந்துவிடுகிறோம்.) 2023-ம் ஆண்டு ஆய்வில் மொத்த விகிதம் 15.6 ஆகக் குறைந்திருந்தது மகிழ்ச்சிக்குரியதே.

அறியாத நோயைக் கண்டுபிடிக்கவே 2019-ல் ‘பெக்கா பி40’ திட்டம் தொடங்கியது. முதலில் 50 வயதினருக்கும், 2020 முதல் 40 வயதைக் கடந்தோருக்கும் இலவச உடற்பரிசோதனை உண்டு. சர்க்கார் ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெறுவோருக்கு இருதயக் குழாய்ச் சுருள், செயற்கை மூட்டு போன்ற சாதனங்களுக்கு 20,000 வெள்ளி வரை உதவி. புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்போருக்கு 1,000 வெள்ளி. தீபகற்பத்தில் போக்குவரத்துச் செலவுக்கு 500 வெள்ளி வரை, சபா, சரவாக்கில் 1,000 வரை. இதற்குத் தனி மனு இல்லை. சர்க்காரின் ரொக்க உதவித் திட்டத்தில் பெயர் இருந்தால், அவரும் அவர் துணைவரும் வயது நிரம்பியதும் தாமாகவே சேர்க்கப்படுவர். அந்த ஏட்டில் பெயர் இல்லையேல் இந்தக் கதவும் மூடியதே.

நாம் அறிந்த ஒருவர் உணவுக்கடையொன்றில் இருபத்திரண்டு ஆண்டுகள் ரொட்டி சானாய் போட்டவர். முதலாளி கெட்டவர் அல்லர். பெருநாளுக்கு இரட்டைச் சம்பளம் கொடுப்பவர். ஆனால் சம்பளம் எப்போதும் ரொக்கம். சீட்டு இல்லை, சொக்சோ சந்தா இல்லை. சீட்டில்லாமல் மனுச் செய்ய முடியாது என்று எண்ணி ரொக்க உதவிக்கும் அவர் எழுதவில்லை. உள்ளூரக் கூச்சமும் இருந்தது. 2023-ல் கால் வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போனபோது, நீரிழிவு முற்றிச் சிறுநீரகம் இரண்டும் கெட்டிருந்தது. சந்தா நிபந்தனை நிறைவேறியிருந்தால் இரத்தச் சுத்திகரிப்புச் செலவைச் சொக்சோ ஏற்றிருக்கும். இயலாமை ஓய்வூதியத்துக்கும் வழி இருந்திருக்கும். இருபத்திரண்டு ஆண்டு உழைப்புக்கு ஏட்டில் ஒரு வரி இல்லை. பிறகு ஜகாத் நிலையத்தார் வீட்டுக்கு வந்து கணக்கெடுத்து உதவினர். அதற்குள் மனைவியின் நகைகள் போய்விட்டன.

சொக்சோ சந்தா அப்படியென்ன பெரும்பாரம்? 2024 நிலவரப்படி முதலாளியின் பங்கு சம்பளத்தில் நூற்றுக்கு 1.75 அளவு, தொழிலாளியின் பங்கு 0.5 அளவு. 2,000 வெள்ளிச் சம்பளத்துக்கு இரண்டும் சேர்ந்தே 45 வெள்ளிக்கு மேல் போகாது. மாதம் முழுதும் கடையில் வீணாகும் தேயிலைக்கும் சீனிக்கும் இதைவிட அதிகம் ஆகும் என்று உணவுக்கடைக்காரர்கள் நம்மிடம் சண்டைக்கு வரமாட்டார்கள் என நம்புகிறோம். சிப்பந்தி இல்லாமல் தாமே கடை நடத்துவோருக்கும் 2017-ம் ஆண்டுச் சட்டப்படி சுயதொழிலாளர் காப்பு உண்டு. முதலில் டாக்சி போன்ற வாகன ஓட்டுநர்களுக்கு மட்டும் இருந்தது; 2020 ஜனவரி முதல் சிறு வியாபாரிகளுக்கும் விரிந்தது. அது தொழில் விபத்துக்கும் தொழிலால் வரும் நோய்க்கும் மட்டுமே உதவும். நீரிழிவுக்கு உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

இன்னொன்று. சர்க்கார் கிளினிக்கில் குடிமக்கள் கட்டுவது ஒரு வெள்ளி. ஆனால் தினக்கூலிக்காரருக்கு அந்த ஒரு வெள்ளி வைத்தியம் ஒருநாள் சம்பளத்தை விழுங்கிவிடுகிறது. ஆகவே அவர் போவதில்லை. நாற்பது வயதைக் கடந்த சிப்பந்திக்கு ஆண்டில் ஒரு காலைப்பொழுது சம்பளத்துடன் விடுப்புக் கொடுப்பது நம் கையில்தான் இருக்கிறது. சம்பளத்தோடு பெயர், மாதம், தொகை, பிடித்தம் ஆகியவற்றை எழுதிய சீட்டையும் கொடுத்தால், மனு எழுதும்போது அவர் யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை.

தமிழகத்திலிருந்து நம் கடைகளுக்கு வந்து உழைப்பவர்களுக்குப் பெக்கா பி40 கிடையாது. ஆனால் சொக்சோவின் தொழில் விபத்துக் காப்பு 2019 ஜனவரி முதலும், இயலாமைக் காப்பு 2024 ஜூலை முதலும் அவர்களுக்கும் உண்டு. இரண்டிலும் பெயரைப் பதிய வேண்டியவர் முதலாளியே.