பாடம் 9: காட்டுக்குள் நிற்கும் ரயில்

மொன்றியல் மத்திய நிலையத்திலிருந்து செனெத்தேர் என்ற ஊருக்கு வியா ரயில் போகிறது. தூரம் ஏறக்குறைய 700 கிலோமீட்டர். வழியெல்லாம் காடும் ஏரியும். சில இடங்களுக்கு வேறு பாதையே இல்லை. அதனால் மீன் பிடிப்பவர்களும், மூஸ் என்னும் பெரிய மானை வேட்டையாடுபவர்களும் இந்த ரயிலில் போவார்கள். அவர்களின் சிறு படகும் பொதிப் பெட்டியில் ஏறும்!

ரயில் காட்டில் நிற்கிறது. ஒரு சிறுமி கேட்கிறாள்:

"அப்பா, ஸ்டேஷன் இல்லையே! ஏன் ரெயின் நிண்டது?"

"அந்த ஆக்கள் இஞ்ச இறங்கப் போகினம், பிள்ளை. முதலே சொல்லி வைச்சவை."

"திரும்பி எப்பிடி வருவினம்?"

"சொன்ன நாளில தண்டவாளத்துக்குப் பக்கத்தில வந்து நிக்க வேணும். இந்த ரெயின் ஒவ்வொரு நாளும் வராது. விட்டால், அடுத்த ரெயின் வரும்வரை காட்டிலதான்!"

நீங்களும் போனால் மேலதிக உணவும் சூடான உடுப்பும் கொண்டு போங்கள். நேரத்தை மறக்காதீர்கள்!

பேச்சும் எழுத்தும்
இஞ்ச – இங்கே
நிண்டது – நின்றது
எப்பிடி – எப்படி
வருவினம் – வருவார்கள்

விடை சொல்லுங்கள்
1. ரயில் ஏன் காட்டில் நின்றது?
2. மேலதிக உணவு ஏன் தேவை?
3. "போகினம்" என்பதை எழுத்துத் தமிழில் எழுதுங்கள்.